சட்டியில் இருப்பதும் அகப்பையில் வருவதும்: டிரிப்டோஃபான் ஓபரானுக்கு ஏன் இரண்டு பூட்டுகள்?

கேள்வி இதுதான்: "லாக் ஓபரானில் ஓர் ஒடுக்கிப் புரதம் மரபணுக்களை மூடி வைக்கிறது, சர்க்கரை வந்ததும் விலகிக்கொள்கிறது. புரிகிறது. ஆனால் டிரிப்டோஃபான் ஓபரானில் ஒடுக்கியும் இருக்கிறது, அட்டெனுவேஷன் என்ற இன்னொன்றும் இருக்கிறது. ஒரே கதவுக்கு ஏன் இரண்டு பூட்டுகள்? அதிலும் ரைபோசோம் தடுமாறி நின்றால் மரபணு வேலை செய்கிறது, தடையில்லாமல் ஓடினால் மரபணு நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். இது தலைகீழாக இல்லையா?"

தலைகீழாகத்தான் தோன்றும். நானும் மாணவனாக இருந்தபோது தேர்வில் இதை அப்படியே மாற்றி எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓபரான் என்றால் ஒரே ஆணையில் சேர்ந்து இயங்கும் மரபணுக்களின் வரிசை; லாக் ஓபரான் பால் சர்க்கரையைச் சிதைப்பதற்கானது. டிரிப்டோஃபான் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று, ரைபோசோம் புரதத்தைக் கட்டும் இயந்திரம். மரபணுவை ஆர்.என்.ஏவாகப் படியெடுக்கத் தொடங்கிய பிறகு அதை வழியிலேயே நிறுத்துவதுதான் அட்டெனுவேஷன். முதலில் சுருக்கமான பதில்: இரண்டு பூட்டுகளும் ஒரே செய்தியைக் கேட்பதில்லை. செல்லுக்குள் டிரிப்டோஃபான் கையிருப்பு இருக்கிறதா என்று ஒடுக்கி பார்க்கிறது. அந்த டிரிப்டோஃபான் புரதம் கட்டும் இடத்துக்கு வந்து சேர்கிறதா என்று அட்டெனுவேஷன் பார்க்கிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். ஒன்று சட்டியைப் பார்க்கிறது, மற்றது அகப்பையைப் பார்க்கிறது. சட்டியில் இருந்தும் அகப்பையில் வராத நேரமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பாக்டீரியா இதற்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறது? செலவுதான் காரணம். புரதங்களில் வரும் 20 அமினோ அமிலங்களில் ஆக்குவதற்கு மிக அதிகம் செலவாவது டிரிப்டோஃபான். ஒரு மூலக்கூறுக்குச் சுமார் 74 உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அலனினுக்கு 12 அளவில் முடிந்துவிடுகிறது. கோரிஸ்மேட் என்ற பொருளில் தொடங்கி, குளூட்டமினிடமிருந்து நைட்ரஜனை வாங்கி, ஒரு ரைபோஸ் சர்க்கரையைச் சேர்த்து, கடைசியில் ஒரு செரினையும் விழுங்கித்தான் டிரிப்டோஃபான் உருவாகிறது. இத்தனைக்கும் செல்லின் புரதங்களில் நூறு அமினோ அமிலங்களுக்கு ஒன்றிரண்டுதான் அது. ஆக, விலை அதிகம், தேவை குறைவு. வெளியிலிருந்து இலவசமாகக் கிடைக்கும்போது உள்ளே ஆலையை ஓட்டுவது வீண். ஆனால் தேவைப்படும் நேரத்தில் அது இல்லையென்றால் டிரிப்டோஃபான் உள்ள எந்தப் புரதத்தையும் கட்டி முடிக்க முடியாது.

மரபணுவுக்குப் போகும் முன் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பாடநூல்கள் இதை வேறு அத்தியாயத்தில் வைத்துவிடுவதால் பலர் மறந்துவிடுகிறார்கள். டிரிப்டோஃபான் பாதையின் முதல் நொதி ஆந்த்ரனிலேட் சிந்தேஸ். டிரிப்டோஃபான் மிகுந்தால் அதுவே போய் இந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்ய விடாமல் நிறுத்துகிறது. பின்னூட்டத் தடை என்பது இதைத்தான். 1954ஆம் ஆண்டிலேயே ஆரன் நோவிக்கும் லியோ சிலார்டும் இதன் சாயலைப் பார்த்தார்கள்: டிரிப்டோஃபானை ஆக்க முடியாமல் வழியில் ஒரு முன்பொருளைக் கொட்டிக்கொண்டிருந்த பாக்டீரியாவுக்கு டிரிப்டோஃபானைக் கொடுத்ததும் அந்தக் கொட்டல் உடனே நின்றது. அணுக்கருத் தொடர்வினையைக் கற்பனை செய்த அதே சிலார்டுதான். போருக்குப் பிறகு உயிரியலுக்கு வந்துவிட்டார்.

பின்னூட்டத் தடை நொடிகளில் வேலை செய்யும். ஆனால் அது நிறுத்துவது உற்பத்தியை மட்டும்தான், ஆலை கட்டுவதை அல்ல. தேவையில்லாத நொதிகளைக் கட்டிக்கொண்டே போய், கட்டிய ஒவ்வொன்றையும் சும்மா நிறுத்தி வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அதனால் நொதிகளைக் கட்டும் ஆணையையே நிறுத்த வேண்டும். அங்கேதான் மரபணுக் கட்டுப்பாடு வருகிறது. டிரிப்டோஃபானைச் சேர்த்தால் அதை ஆக்கும் நொதியின் அளவே குறைகிறது என்று 1953இல் ழாக் மோனோவும் ஜெர்மேன் கோஹன்-பசீரும் காட்டினார்கள்.

ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில் டிரிப்டோஃபான் பாதைக்கான மரபணுக்கள் ஐந்தும் வரிசையாக, ஒட்டி ஒட்டி இருக்கின்றன: ஈ, டி, சி, பி, ஏ. ஐந்துக்கும் சேர்த்து ஒரே நீளமான தூது ஆர்.என்.ஏ (மரபணுச் செய்தியின் நகல்), ஏறத்தாழ 7,000 எழுத்துகள். அந்த வரிசையின் தலைப்பில், அந்த நகலை எழுதும் நொதியான பாலிமரேஸ் வந்து உட்காரும் இடத்துக்குள்ளேயே, ஒடுக்கி உட்காரும் இடமும் இருக்கிறது. நாற்காலி ஒன்று, ஆள் இரண்டு. ஒடுக்கி உட்கார்ந்திருந்தால் பாலிமரேஸுக்கு இடமில்லை.

ஒடுக்கிப் புரதம் 108 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சங்கிலிகளின் இணை. இதன் மரபணு ஓபரானிலிருந்து வெகு தொலைவில், குரோமோசோமின் வேறொரு பகுதியில் இருக்கிறது. தனியாக இருக்கும்போது இந்தப் புரதத்துக்கு டி.என்.ஏவைப் பிடிக்கும் பலம் இல்லை. ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒன்றாக இரண்டு டிரிப்டோஃபான்கள் வந்து இடுக்கில் செருகிக்கொண்டால், டி.என்.ஏவைத் தொடும் அதன் இரண்டு கைகளும் சரியான இடைவெளியில் நிமிர்ந்து நிற்கின்றன. 1980களில் பால் சிக்லரின் குழு எடுத்த படிகப் படங்களில் இது தெளிவாகத் தெரிந்தது: ஆப்பு வைத்தது போல டிரிப்டோஃபான் உள்ளே நிற்கிறது. லாக் ஒடுக்கிக்கு நேர் எதிர். அங்கே சிறு மூலக்கூறு வந்தால் ஒடுக்கி விழுந்துவிடும், இங்கே சிறு மூலக்கூறு வந்தால்தான் ஒடுக்கி பிடித்துக்கொள்ளும். உணவைச் சிதைக்கும் பாதைக்கும் சரக்கை ஆக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு இது. இந்தப் பகுதியில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவதில்லை.

ஒடுக்கியின் மரபணுவைக் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்த ஒன்று. 5-மீத்தைல் டிரிப்டோஃபான் என்றொரு போலி இருக்கிறது. டிரிப்டோஃபான் போலவே நடித்து ஒடுக்கியையும் முதல் நொதியையும் ஏமாற்றிவிடும். ஆனால் புரதம் கட்டுவதற்கு உதவாது. போலியை நம்பிய பாக்டீரியா ஆலையை மூடிவிட்டு, உண்மையான சரக்கு இல்லாமல் பட்டினி கிடக்கும். பிழைத்து வளர்பவை எவை? ஏமாறாதவை. ஒடுக்கியே பழுதான பிறழ்வுகள் அவற்றில் இருந்தன. ஜார்ஜ் கோஹனும் பிரான்சுவா ஜக்கோபும் 1959இல் அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜக்கோபும் மோனோவும் ஓபரான் கருத்தை முழுமையாக வெளியிட்டபோது, மரபணுக் கட்டுப்பாடு என்றால் ஒடுக்கிதான் என்று பெரும்பாலோர் முடிவு கட்டிவிட்டார்கள்.

பிறகு வந்தது குழப்பம். ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் யனோஃப்ஸ்கியின் ஆய்வகம் பல ஆண்டுகளாக இந்த ஓபரானையே துருவிக்கொண்டிருந்தது. ஒடுக்கி அறவே இல்லாத பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்; டிரிப்டோஃபான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு நொதி வர வேண்டும். ஆனால் டிரிப்டோஃபான் பட்டினி போட்டால் உற்பத்தி இன்னும் ஏறியது. ஒடுக்கி இல்லாமலேயே ஏதோ ஒன்று டிரிப்டோஃபானை உணர்கிறது! அது மட்டுமல்ல. 1973இல் ஜாக்சனும் யனோஃப்ஸ்கியும் ஒரு விநோதத்தை வெளியிட்டார்கள். ஒடுக்கி உட்காரும் இடத்துக்கும் முதல் மரபணுவுக்கும் நடுவே எதற்கும் உதவாததாகத் தெரிந்த ஒரு பகுதியை வெட்டி எறிந்தால், நொதி உற்பத்தி பல மடங்கு கூடியது. வெட்டினால் கூடுகிறது என்றால், வெட்டுப்பட்ட இடத்தில் ஏதோ ஒன்று உற்பத்தியைக் குறைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். பாலிமரேஸ் புறப்பட்ட பிறகும் வழியில் அதை இறக்கிவிடும் ஒரு நிறுத்தம் அங்கே இருந்தது. ஒடுக்கி இல்லாத பாக்டீரியாவில், டிரிப்டோஃபான் தாராளமாக இருக்கும்போது, புறப்படும் பாலிமரேஸ்களில் 10க்கு 8 அல்லது 9 முதல் மரபணுவை எட்டும் முன்னரே கழன்றுவிடுகின்றன.

இனி அந்தப் பகுதியை உருப்பெருக்கிப் பார்ப்போம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நல்லது.

தூது ஆர்.என்.ஏவின் முதல் 162 எழுத்துகள் முகப்பு. முதல் நொதிக்கான செய்தி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆனால் முகப்பு வெறும் வாசல் திண்ணை அல்ல. அதற்குள் 27ஆம் எழுத்தில் ஒரு தொடக்கக் கோடான் இருக்கிறது (ஓர் அமினோ அமிலத்தையோ நிறுத்தத்தையோ குறிக்கும் மூன்றெழுத்துதான் கோடான்). ரைபோசோம் அங்கே ஏறி 14 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குட்டிப் பெப்டைடைக் கட்டுகிறது. வரிசை இது: மெத்தியோனின், லைசின், அலனின், ஐசோலூசின், பீனைல்அலனின், வாலின், லூசின், லைசின், கிளைசின், டிரிப்டோஃபான், டிரிப்டோஃபான், ஆர்ஜினின், திரியோனின், செரின். முடிந்தது. கட்டி முடித்த பெப்டைடுக்கு எந்த வேலையும் இல்லை; செல் அதை உடனே சிதைத்துவிடுகிறது. அதைக் கட்டும் செயல்தான் முக்கியம், கட்டப்பட்ட பொருள் அல்ல.

10ஆம் 11ஆம் இடங்களைப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் வரும் அமினோ அமிலம் 14 இடங்களுக்குள் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. டிரிப்டோஃபானுக்கு ஒரே ஒரு கோடான்தான், யூஜிஜி. ஆக முகப்பில் யூஜிஜி யூஜிஜி. சாலையில் வேண்டுமென்றே போட்ட இரட்டை வேகத்தடை அது.

அடுத்து, முகப்பில் நான்கு துண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1ஆம் துண்டு அந்த இரட்டை யூஜிஜி இருக்கும் இடம். பெப்டைடின் நிறுத்தக் கோடானைத் தாண்டியதும் 2ஆம் துண்டு, பிறகு 3, பிறகு 4. ஆர்.என்.ஏ ஒற்றை இழை என்பதால், எழுத்துகள் பொருந்துகிற இரண்டு துண்டுகள் தங்களுக்குள் மடிந்து சேர்ந்துகொள்ளும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போன்ற வடிவம். 1க்கும் 2க்கும் பொருத்தம் உண்டு. 2க்கும் 3க்கும் உண்டு. 3க்கும் 4க்கும் உண்டு. ஆனால் 2 ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் சேர முடியும், 3உம் அப்படியே. யார் யாரை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 3உம் 4உம் சேர்ந்த கொண்டை ஊசி ஆபத்தானது: இறுக்கமான ஜி–சி இணைகள், அதையடுத்து வரிசையாக யூ எழுத்துகள். இறுக்கமான வளைவு பின்னாலிருந்து இழுக்க, பிடிமானம் குறைந்த யூ–ஏ இணைகள் நழுவ, பாலிமரேஸ் டி.என்.ஏவை விட்டுக் கழன்றுவிடும். படியெடுத்தல் அங்கேயே முடிந்தது. 7,000 எழுத்துகள் வர வேண்டிய இடத்தில் சுமார் 140 எழுத்துகள் கொண்ட ஒரு துணுக்குதான் மிஞ்சும். 2உம் 3உம் சேர்ந்துவிட்டால் 4க்குத் துணை இல்லை, நிறுத்தம் உருவாகாது.

இப்போது ஓட்டத்தைத் தொடங்குவோம். பாக்டீரியாவில் படியெடுத்தலும் புரதம் கட்டுதலும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை அல்ல. பாலிமரேஸ் முன்னால் ஆர்.என்.ஏவை எழுதிக்கொண்டே போக, எழுதிய மை காய்வதற்குள் ரைபோசோம் பின்னாலேயே படித்துக்கொண்டு வரும். இருவருடைய வேகமும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது: பாலிமரேஸ் நொடிக்கு 45 எழுத்துகள் அளவில், ரைபோசோம் நொடிக்கு 15 கோடான்கள் அளவில், அதாவது அதே 45 எழுத்துகள். இருந்தாலும் பாலிமரேஸ் முந்திப் போய்விடக் கூடாதே? அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1உம் 2உம் எழுதப்பட்டதும் அவை இரண்டும் மடிந்துகொள்கின்றன. அந்த மடிப்பு பாலிமரேஸைச் சற்று நிற்க வைக்கிறது. ரைபோசோம் ஏறி ஓடி வந்து அந்த மடிப்பைக் குலைக்கும்போதுதான் பாலிமரேஸ் மீண்டும் நகர்கிறது. ஓட்டப் பந்தயத்தில் இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதுவது போல.

டிரிப்டோஃபான் நிறைய இருந்தால்: ரைபோசோம் இரட்டை யூஜிஜியைத் தயங்காமல் தாண்டி, நிறுத்தக் கோடான் வரை வந்துவிடுகிறது. ரைபோசோம் பெரிய உருவம். நிறுத்தக் கோடானில் நிற்கும்போது அதன் உடம்பு 2ஆம் துண்டின் ஒரு பகுதியையும் மூடிவிடுகிறது. முன்னால் பாலிமரேஸ் 3ஐ எழுதுகிறது. 3 துணை தேடுகிறது, 2 மறைந்து கிடக்கிறது. பாலிமரேஸ் 4ஐ எழுதுகிறது. 3உம் 4உம் சேர்கின்றன. பாலிமரேஸ் கழல்கிறது. ஆலை தேவையில்லை, ஆணை ரத்து.

டிரிப்டோஃபான் தட்டுப்பாடு என்றால்: ரைபோசோம் முதல் யூஜிஜியில் வந்து நிற்கிறது. அந்தக் கோடானுக்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்து வர வேண்டிய கடத்து ஆர்.என்.ஏ வெறுங்கையோடு இருக்கிறது. சுமையோடு வருபவை அரிது. ரைபோசோம் காத்திருக்கிறது. அது நிற்கும் இடம் 1ஆம் துண்டு. 2 வெட்டவெளியில் கிடக்கிறது. பாலிமரேஸ் காத்திருப்பதில்லை, 3ஐ எழுதிவிட்டது. 2உம் 3உம் உடனே சேர்ந்துகொள்கின்றன. பிறகு 4 வருகிறது. அதற்குச் சேர ஆள் இல்லை. நிறுத்தம் இல்லை. பாலிமரேஸ் நேராகப் போய் ஐந்து மரபணுக்களையும் எழுதி முடிக்கிறது.

தலைகீழ்க் குழப்பத்தின் வேர் இங்கே தெரிகிறது. ரைபோசோம் நின்றால் மரபணு எப்படி ஓடும் என்று கேட்கும்போது, நிற்பவரையும் ஓடுபவரையும் ஒருவராகவே நினைத்துவிடுகிறோம். நிற்பது முகப்பில் இருக்கும் ரைபோசோம். ஓடுவது பாலிமரேஸ். முதல் நொதியின் செய்திக்கு அதற்கெனத் தனி ரைபோசோம் ஏறும் இடம் இருக்கிறது. முகப்பில் நிற்பவர் வழிவிட வேண்டும் என்ற அவசியமே இல்லை. "சரி, அந்த நொதிகளைக் கட்டவும் டிரிப்டோஃபான் வேண்டுமே, பட்டினியில் அதற்கு எங்கே போவது?" என்று கேட்டால், அது நல்ல கேள்வி. ஓபரானின் கடைசி மரபணு தரும் புரதத்தில், அதாவது டிரிப்டோஃபான் சிந்தேஸின் ஆல்ஃபா துணை அலகில், ஒரு டிரிப்டோஃபான்கூட இல்லை. டிரிப்டோஃபானை ஆக்கும் நொதியின் அந்தப் பகுதி டிரிப்டோஃபான் இல்லாமலேயே கட்டப்படுகிறது. இதை முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் படம் போட்டு ஊகித்த கதையா என்ற சந்தேகம் வரலாம். பிறழ்வுகள் சாட்சி சொல்கின்றன. முகப்புப் பெப்டைடின் தொடக்கக் கோடானில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றினால் ரைபோசோம் ஏற முடியாது. அப்போது 1உம் 2உம் சேர்ந்தே இருக்கும், 3உம் 4உம் சேரும். டிரிப்டோஃபான் பட்டினி போட்டாலும் நிறுத்தம் தளர்வதில்லை. தேங்க ஒரு ரைபோசோம் இல்லையென்றால் பட்டினிச் செய்தியைச் சொல்ல ஆள் இல்லை. 2ஆம் துண்டில் 3ஓடு பொருந்தும் ஓர் எழுத்தைக் கெடுத்தாலும் அதே விளைவு. இன்னொன்று: டிரிப்டோஃபான் இரட்டையை அடுத்து 12ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருக்கிறதல்லவா? ஆர்ஜினின் பட்டினி போட்டாலும் நிறுத்தம் ஓரளவு தளர்கிறது. ரைபோசோம் ஓரிரு அடி தள்ளி நின்றாலும் 2 இன்னும் வெளியில்தான் இருக்கிறது என்பதால். இந்த ஆர்ஜினின் விவரம் கதையை நம்ப வைத்த அளவுக்கு எந்தப் படமும் என்னை நம்ப வைக்கவில்லை.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். ஏன் இரண்டு? "நுண்ணிய சரிசெய்தலுக்காக" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது பாடநூல்களின் வழக்கம். அது ஒன்றும் சொல்லாத விடை. எண்களைப் பாருங்கள். ஒடுக்கி உற்பத்தியைச் சுமார் 70 மடங்கு குறைக்கிறது. அட்டெனுவேஷன் 8 முதல் 10 மடங்கு. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வாசல்கள் என்பதால் இவை கூடுவதில்லை, பெருகுகின்றன. இரண்டும் சேர்ந்து 600, 700 மடங்கு வரை போகும். ஆனால் எண்ணிக்கை மட்டும் காரணமாக இருந்தால் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் ஓர் ஒடுக்கி போதும்.

காரணம், தட்டுப்பாட்டிலும் இரண்டு வகை உண்டு. டிரிப்டோஃபான் ஓரளவு குறைந்தால் ஒடுக்கி தன் ஆப்பை இழந்து டி.என்.ஏவை விட்டுவிடும். ஆனால் கடத்து ஆர்.என்.ஏவில் டிரிப்டோஃபானை ஏற்றும் நொதி, கிடைக்கிற கொஞ்சத்தையும் பற்றிப் பிடித்து ஏற்றிக்கொண்டே இருக்கும். சட்டியில் அடியில்தான் இருக்கிறது, ஆனால் அகப்பையில் இன்னும் வருகிறது. இந்த நிலையில் ஒடுக்கி மட்டும் தளரும்; அட்டெனுவேஷன் அப்படியே இருக்கும்; ஆலை மிதமாக ஓடும். தட்டுப்பாடு கடுமையாகி, வெறுங்கைக் கடத்து ஆர்.என்.ஏக்கள் குவியத் தொடங்கினால்தான் இரண்டாவது பூட்டும் திறக்கும்.

சட்டி நிறைய இருந்தும் அகப்பையில் வராத நிலை என்று சொன்னேனே, அதையும் ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். டிரிப்டோஃபானைக் கடத்து ஆர்.என்.ஏவில் ஏற்றும் நொதியே பழுதான பிறழ்வுகள் உண்டு. அவற்றில் டிரிப்டோஃபான் எவ்வளவு கொடுத்தாலும் முகப்பில் ரைபோசோம் தடுமாறுகிறது, நிறுத்தம் தளர்கிறது. ஒடுக்கியைக் கேட்டால் "எல்லாம் நிறைவாக இருக்கிறது" என்று சொல்லும். புரதம் கட்டும் இடத்திலோ பஞ்சம். ஒடுக்கி மட்டும் இருந்திருந்தால் செல்லுக்கு இந்தப் பஞ்சம் தெரியவே வராது.

சில பாதைகளில் ஒடுக்கியே கிடையாது. சால்மொனெல்லாவிலும் ஈ. கோலையிலும் ஹிஸ்டிடின் ஓபரான் அட்டெனுவேஷனை நம்பியே வாழ்கிறது. அதன் முகப்புப் பெப்டைடில் ஏழு ஹிஸ்டிடின்கள், அடுத்தடுத்து, இடைவெளியே இல்லாமல். ஒரு புரதத்தில் ஹிஸ்டிடின் நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட ஏழு இடங்களும் தற்செயலாக ஹிஸ்டிடினாக அமையும் வாய்ப்பு சுமார் 78,000 கோடியில் ஒன்று. தற்செயல் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம். பீனைல்அலனின் முகப்பில் 15க்கு 7 பீனைல்அலனின். லூசின் முகப்பில் தொடர்ந்து நான்கு லூசின். ஐசோலூசின், வாலின், லூசின் மூன்றுக்கும் தொடர்புடைய ஓபரானின் முகப்பிலோ 32 இடங்களில் 15 இந்த மூன்றில் ஒன்றாக இருக்கிறது. மூன்றில் எது குறைந்தாலும் ரைபோசோம் எங்காவது தடுக்கும். இந்த முகப்புகளைப் பார்த்தாலே ஓபரான் எதை ஆக்குகிறது என்று சொல்லிவிடலாம், பெயர்ப்பலகை மாதிரி.

எல்லாப் பாக்டீரியாக்களும் இப்படியா என்றால், இல்லை. பேசில்லஸ் சப்டிலிஸ் அதே டிரிப்டோஃபானுக்கு முற்றிலும் வேறு உறுப்புகளை வைத்திருக்கிறது. அங்கே டி.என்.ஏவைப் பிடிக்கும் ஒடுக்கி இல்லை, ஆர்.என்.ஏவைப் பிடிக்கும் டிராப் என்ற புரதம் இருக்கிறது. 11 துணை அலகுகள் சேர்ந்த ஒரு வளையம். ஒவ்வோர் இடுக்கிலும் ஒன்றாக 11 டிரிப்டோஃபான்கள். முகப்பு ஆர்.என்.ஏவில் ஜிஏஜி அல்லது யூஏஜி என்ற மூன்றெழுத்து 11 முறை திரும்பத் திரும்ப வருகிறது. டிரிப்டோஃபான் நிறைந்த வளையத்தின் விளிம்பைச் சுற்றி ஆர்.என்.ஏ, கயிறு சுற்றுவது போலச் சுற்றிக்கொள்கிறது. சுற்றியதால் நிறுத்தத்தைத் தடுக்கும் மடிப்பு உருவாக முடியாமல் போகிறது, நிறுத்தக் கொண்டை ஊசி வருகிறது, பாலிமரேஸ் கழல்கிறது. இது சட்டியைப் பார்க்கும் ஏற்பாடு. அகப்பையைப் பார்ப்பது யார்? டிராப்பைப் பிடித்து முடக்கும் ஆன்ட்டி-டிராப் என்ற இன்னொரு புரதத்தை 2001இல் வால்புஸ்ஸியும் யனோஃப்ஸ்கியும் அறிவித்தார்கள். அந்தப் புரதம் எப்போது உருவாகும்? வெறுங்கைக் கடத்து ஆர்.என்.ஏ நேராக வந்து முகப்பு ஆர்.என்.ஏவில் ஒட்டிக்கொள்ளும்போது. அதோடு அதன் முன்னால் இருக்கும் குட்டிப் பெப்டைடில் மூன்று டிரிப்டோஃபான்கள் வரிசையாக இருக்கின்றன, ரைபோசோமைத் தடுக்க. ஈ. கோலையின் கருவிகளில் எதுவும் அப்படியே இங்கே இல்லை. ஆனால் கேட்கப்படும் கேள்விகள் அதே இரண்டு. அதனால்தான் இந்த இரண்டு கேள்விகளைப் புரிந்துகொள்வதை நான் துண்டுகளின் எண்களை மனப்பாடம் செய்வதைவிட மேலாக நினைக்கிறேன். லைசின் போன்ற சிலவற்றில் புரதமே வேண்டாம் என்று, ஆர்.என்.ஏவின் மடிப்பே நேரடியாக அமினோ அமிலத்தைப் பிடித்து முடிவெடுக்கிறது, ரைபோசுவிட்ச் என்பார்கள். அதைத் தனியாகக் கேட்டால் தனியாகவே எழுதலாம்.

உங்கள் கேள்வியின் கடைசியில் ஒரு வரி இருந்தது: "நம் செல்களில் இது நடக்குமா?" ஈ. கோலை முறையில் நடக்காது. ரைபோசோம் பாலிமரேஸின் குதிகாலைத் தொட்டுக்கொண்டே ஓடினால்தான் அந்த வித்தை பலிக்கும். நம் செல்களில் படியெடுத்தல் உட்கருவுக்குள், புரதம் கட்டுதல் வெளியே; நடுவே ஒரு சுவர். ரைபோசோம் தேங்குவது பாலிமரேஸுக்குத் தெரிய வழியில்லை. தவிர, டிரிப்டோஃபானை ஆக்கும் பாதையே நம்மிடம் இல்லை, சாப்பாட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அகப்பையை எட்டிப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. ஈஸ்ட்டிலும் நம் செல்களிலும் ஜிசிஎன்2 என்ற நொதி இருக்கிறது. வெறுங்கைக் கடத்து ஆர்.என்.ஏக்கள் குவிந்தால் அது விழித்துக்கொண்டு புரத உற்பத்தியைப் பொதுவாக மந்தமாக்குகிறது. ஈஸ்ட்டில் அந்த மந்தத்தின் நடுவேயே ஜிசிஎன்4 என்ற ஒரு புரதம் மட்டும் கூடுதலாக உருவாகி, அமினோ அமிலங்களை ஆக்கும் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது.